வைமார் நகரும் எத்தர்ஸ்பேர்க் குன்றும்

இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும் என்பதை ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே நாம் வகுப்பறைகளிற் போதித்து வருகின்றோம். பரீட்சை வினாத்தாளில் அக்கூற்று இடம்பெறும்போதும் "நிறுவுக" என்ற ஏவலுடனேயே இடம்பெறுகின்றது. அதை மறுத்தும் எழுதலாம் என்று மாணவருள் எவரும் எண்ணுவதில்லை. ஆசிரியருள்ளும் அவ்வாறு எண்ணுவோர் மிகச் சிலரே. இக்கூற்றை நிறுவுவதற்கு உலகில் மிகப் பொருத்தமான ஊர் எது என்று வினவினால், ஜேர்மனியிலுள்ள வைமார் என்று பலர் விடை கூறக்கூடும். அதே கூற்றை மறுப்பதற்கும் அதனினும் பொருத்தமான ஊர் வேறில்லை. அந்நகரில் ஒன்றரை நாள் தங்கும் வாய்ப்பு அண்மையில் முதன்முறையாக எமக்குக் கிட்டியது. ஒன்றரை நாளில் ஒரு நகரை அறிந்துவிட்டோம் என்பது உல்லாசப் பிரயாணிகளுக்கே உரிய துணிவு, அத்துணிவு எமக்கில்லை. அந்நகர் எம்முள் எழுப்பிய வினாவை வாசகரோடு சேர்ந்து ஆராய்வதே எமது நோக்கம்.

வைமார் பெருநகரன்று. ஏறத்தாழ 65,000 மக்கள் வாழும் சிறு நகரம். புகையிரத நிலையத்திலிருந்து கால்நடையாகவே நகரின் நடுவை அடைந்துவிடலாம். ஆயின், இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் இத்துணைப் பெயர்கள் செறிந்திருக்கும் ஊர் ஐரோப்பாவில் வேறு உண்டோ என்பது ஐயமே. 1775 இல் இருபத்தாறு வயது இளைஞனாக இங்கு வந்த கதே, 1832 இல் இறக்கும்வரை இந்நகரையே தம் இருப்பிடமாகக் கொண்டார். சிறியதோர் அரசின் அமைச்சராகவும் பணியாற்றினார். அவருக்கு முன்னரே வீலாண்ட் இங்கு வந்துவிட்டார். உலக மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டித் தொகுத்த ஹேர்டர் 1776 இலிருந்து இந்நகரின் தேவாலயத்திற் பணிபுரிந்தார். ஷில்லர் 1799 இல் இங்கு குடியேறி 1805 இல் இங்கேயே மறைந்தார். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் இசைமேதை பாக், 1708 முதல் 1717 வரை, இங்குள்ள அரசவையின் ஊழியராக இருந்தார். வேறிடம் செல்ல அனுமதி கேட்டு வற்புறுத்திய குற்றத்துக்காக இறுதியில் ஒரு மாத காலம் சிறையிலும் இருந்தார். கலைஞனுக்கும் கொற்றவனுக்கும் உள்ள உறவைப் பற்றி நீண்ட ஆய்வுகள் எழுதுவோர் இச்சிறு செய்தியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

எமது துணைக்கண்டத்துக்கும் இந்நகரோடு ஒரு தொடர்பு உண்டு. காளிதாசனின் சாகுந்தலத்தை 1791 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்டவர் கியோர்க் ஃபோர்ஸ்டர். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து மைன்ஸ் நகரிற் குடியரசு அமைக்க உழைத்தவரும் அவரே. அம்மொழிபெயர்ப்பைப் படித்துக் கதே வியந்ததும், ஹேர்டர் அதைப் போற்றி எழுதியதும் இலக்கிய வரலாற்று மாணவர் அறிந்தவை. தம் மொழியின் எல்லைக்கு அப்பால் மானுடம் முழுவதையும் நோக்கிய கண்கள் இந்நகரில் இருந்தன என்பதை நாம் மறுக்கவியலாது. இனி நாம் சொல்லப்போவன இவ்வுண்மையை அழிப்பன அல்ல. அழித்துவிட முடிந்தால் வினாவே எழாது.

நகரின் வடமேற்கே எத்தர்ஸ்பேர்க் என்னும் குன்று இருக்கின்றது. அதன் மறுபுறத்தில் அரச குடும்பத்தின் வேட்டை மாளிகை ஒன்று உண்டு. 1779 ஆம் ஆண்டுக் கோடையில் அம்மாளிகையிற் கதேயின் இபிகேனியா நாடகம் நடிக்கப்பட்டது. கதேயே ஒரெஸ்டஸ் பாத்திரத்தை ஏற்றார். தன் கரையில் ஒதுங்கும் அந்நியர் அனைவரையும் தெய்வத்துக்குப் பலியிடும் நாடொன்றில், பூசாரிணியாக இருக்கும் பெண் அவ்வழக்கத்தை நிறுத்துகின்றாள். தன் சகோதரனைக் காக்க அரசனை ஏமாற்றலாம் என்ற நிலை வந்தபோது, அவனிடம் உண்மையையே கூறுகின்றாள். உண்மையால் வெல்லப்பட்ட அரசன் அவர்களைப் போக விடுகின்றான். அந்நியனைக் கொல்லாமை என்னும் அறத்தை ஐரோப்பிய இலக்கியம் இதனினும் தெளிவாகக் கூறியதில்லை எனலாம். நாடகம் நடந்த அக்குன்றின்மீது, நூற்று ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1937 யூலையில், நாஸிகள் பூகன்வால்ட் வதைமுகாமை அமைத்தனர்.

நகரிலிருந்து முகாமுக்கு எட்டுக் கிலோமீற்றர் தூரமே. நகர பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். மேலேறும் பாதை கைதிகளைக் கொண்டு போடப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் குருதிப் பாதை. 1937 முதல் 1945 வரை, பூகன்வால்டிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 280,000 பேர். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த இம்மக்களுள் 56,000 பேர் மடிந்தனர். முதலிற் கொண்டுவரப்பட்டோருட் பெரும்பாலார் ஹிட்லரின் அரசியல் எதிரிகளான கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும், பழைய குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டோரும் ஆவர். 1938 நவம்பர் வன்முறையின் பின் ஏறத்தாழ 10,000 யூத ஆண்கள் இங்கு அடைக்கப்பட்டனர். சோவியத்துப் போர்க் கைதிகள் 8,000 பேருக்கு மேற்பட்டோர் இங்கு சுட்டுக் கொல்லப்பட்டனர். உடல் உயரம் அளப்பதாக நிறுத்தி வைத்துப் பிடரியிற் சுட்டனர். ஜேர்மன் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் ஏர்ன்ஸ்ட் தேல்மன் 1944 ஓகஸ்ட் 18 இல் இங்குள்ள பிணம் எரிக்கும் கூடத்திற் கொல்லப்பட்டார். வேலிக்கு அப்பால், காவலர் குடும்பங்களின் பொழுதுபோக்குக்காக ஒரு சிறு மிருகக்காட்சிச்சாலை இருந்தது. கரடிகளின் கூண்டுக்கும் பிணம் எரிக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்வையாலேயே அளந்துவிடலாம்.

முகாமின் இரும்பு வாயிலில் "அவரவர்க்கு உரியது அவரவர்க்கு" என்ற வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. நீதிக்கு உரோமச் சட்ட மரபு தந்த பழைய இலக்கணம் அது. அதே சொற்களைத் தலைப்பிற் கொண்ட தேவாலய இசைப்பா ஒன்றை பாக் 1715 இல், இதே வைமாரில், இயற்றினார். வாயிலில் அவ்வெழுத்துகள் உட்புறம் நோக்கியவை. உள்ளே நிற்பவனே அவற்றை நேராக வாசிக்க முடியும். அவற்றை வடிவமைக்குமாறு பணிக்கப்பட்டவர் ஃபிரான்ஸ் ஏர்லிக் என்ற கம்யூனிஸ்டுக் கைதி. அவர் பௌஹவுஸ் கலைக்கூடத்தின் மாணவர். அக்கலைக்கூடம் 1919 இல் பிறந்ததும் இந்நகரிலேதான். சட்டம், இசை, நவீனக் கலை ஆகிய மூன்றும் அந்த இரும்புக் கம்பிகளில் வந்து கூடியிருக்கின்றன.

எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. முகாம் அமைக்கப்பட்டபோது அதற்கு முதலில் இடப்பட்ட பெயர் எத்தர்ஸ்பேர்க் முகாம் என்பதே. வைமாரிலிருந்த நாஸிப் பண்பாட்டுச் சங்கத்தார் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தனர். எத்தர்ஸ்பேர்க் என்பது கதேயின் வாழ்வோடு பிணைந்த பெயர், அதை முகாமுக்கு இடுதல் தகாது என்பது அவர்களது வாதம். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. பீச் மரங்களின் காடு என்று பொருள்படும் பூகன்வால்ட் என்ற புதுப் பெயர் அந்த யூலை மாத இறுதியிலேயே சூட்டப்பட்டது.

அவ்வாட்சேபத்தை எழுதியவர்களை நாம் மூடர் என்றோ பண்பாடற்றவர் என்றோ தள்ளிவிட முடியாது. அவர்களுக்குக் கதேமீது பற்று இருந்தது. சொற்களின் மாசு பற்றிய நுண்ணுணர்வு இருந்தது. எது எதனோடு சேரக்கூடாது என்ற ஒருவகை ஒழுக்கமும் இருந்தது. மனிதரை முட்கம்பிக்குள் அடைப்பது அந்நுண்ணுணர்வை உறுத்தவில்லை. முட்கம்பிக்குக் கவிஞனின் குன்றுப் பெயர் இடப்பட்டதே உறுத்தியது. பண்பாடு அவர்களது கண்ணைத் திறக்கவில்லை என்று சொல்வது போதாது. எதைக் காணாதிருக்கலாம் என்பதை அவர்களுக்குக் கற்பித்ததே அப்பண்பாடுதான்.

இதனோடு ஒத்த வேறொன்றையும் கூறுவோம். நகரிலுள்ள ஷில்லரின் இல்லத்தில் அவர் எழுதிய மேசையும் வேறு தளபாடங்களும் பேணப்பட்டு வந்தன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, விமானக் குண்டுவீச்சிலிருந்து அவற்றைக் காக்க எண்ணிய அதிகாரிகள், மூலப் பொருள்களை ஒளித்துவைத்து, அவற்றின் போலிகளைக் காட்சிக்கு வைக்கத் தீர்மானித்தனர். அப்போலிகளைச் செய்தவர்கள் பூகன்வால்ட் முகாமின் பட்டறையில் உழைத்த கைதிகள். விடுதலையைத் தம் நாடகங்களின் உயிராகக் கொண்டவன் எழுதிய மேசையை, விடுதலை பறிக்கப்பட்டவன் இழைப்புளி கொண்டு இழைத்தான். பாதுகாக்க வேண்டியது எது, செலவழித்துவிடக் கூடியது எது என்பதில் அவ்வதிகாரிகளுக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

இம்முரண்பாட்டுக்குச் சொல்லப்படும் சமாதானங்கள் சில உண்டு. பண்பாடற்ற காடையர் கூட்டமொன்று நாட்டைக் கைப்பற்றிவிட்டது என்பது ஒன்று. முகாமில் நோயாளரைக் கொன்றவர்கள் பட்டம் பெற்ற வைத்தியர்கள். பிணம் எரிக்கும் உலைகளைச் செய்து கொடுத்தது அயல் நகரான ஏர்ஃபுர்ட்டிலிருந்த டொப்ஃப் நிறுவனம். அதன் பொறியியலாளரே ஒளஷ்விட்ஸ் முகாமுக்கும் உலைகள் அமைத்தனர். உலையின் கதவுகளில் தம் நிறுவனத்தின் பெயரைப் பொறிக்க அவர்கள் கூசவில்லை. காடையர் என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டு ஜேர்மனிகள் உள்ளன, கதேயின் ஜேர்மனி வேறு, ஹிட்லரின் ஜேர்மனி வேறு என்பது மற்றொன்று. நல்லெண்ணம் படைத்த பலர், இடதுசாரிகள் உட்பட, இதைக் கூறியிருக்கின்றனர். தோமஸ் மான் 1945 இல் அமெரிக்காவில் நிகழ்த்திய உரையில் இதனை மறுத்தார். இருப்பது ஒரே ஜேர்மனி, தீயது என்பது வழிதவறிய நல்லதே என்பது அவரது கருத்து. பெயர் மாற்றக் கதையை அறிந்தபின் எமக்கும் இரண்டு ஜேர்மனிகள் புலப்படவில்லை.

கதேயிலும் ஷில்லரிலுமே நச்சு விதை இருந்தது என்பாரும் உளர். இது சோம்பேறிகளின் வாதம். எந்த நூலிலிருந்தும் எந்த முடிவுக்கும் கோடு இழுக்கலாம். நாம் கேட்க வேண்டியது நூலில் என்ன இருந்தது என்பதைவிட, நூல் யாரிடம் இருந்தது, எதற்காக இருந்தது என்பதாகும்.

இங்கே நகரின் அரசியல் வரலாறு சிறிது தேவைப்படுகின்றது. 1919 ஜனவரியில் றோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் பேர்லினிற் கொலையுண்டனர். கொந்தளித்த பேர்லினை விட்டு விலகி, அரசியல் நிர்ணய சபை பெப்ரவரியில் வைமாரின் நாடக அரங்கிற் கூடியது. கதேயும் ஷில்லரும் அருகருகே நிற்கும் 1857 ஆம் ஆண்டுச் சிலை அவ்வரங்கின் முன்னேதான் நிற்கின்றது. அவர்களது பெருமையைத் துணைக்கழைத்துப் பிறந்த குடியரசு அது. 1923 இல் இம்மாநிலத்திற் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் கூட்டாக அமைத்த அரசு, இராணுவம் நுழைந்த சில வாரங்களிற் கவிழ்ந்தது. 1926 இல் அதே நாடக அரங்கில் ஹிட்லர் தம் கட்சி மாநாட்டை நடத்தினார். சிலை எதிர்ப்புக் காட்டவில்லை. 1930 ஜனவரியில், நாட்டிலேயே முதன்முறையாக, நாஸி ஒருவர் இங்கே மாநில அமைச்சரானார். ஃபிரிக் என்ற அவருக்குக் கிடைத்த பொறுப்புகளுள் கல்வியும் ஒன்று என்பதை ஆசிரியராகிய எமது வாசகர் கவனிக்க வேண்டும். அவ்வாண்டே நகரின் கலைக்கூடத்திலிருந்து கிளே, கண்டின்ஸ்கி முதலியோரின் நவீன ஆக்கங்கள் ஏறத்தாழ 70 அகற்றப்பட்டன. அரசாங்க உத்தியோகத்தரும் ஓய்வூதியரும் கடைக்காரரும் மிகுந்த நகரத்து நடுத்தர வர்க்கம் இவற்றையெல்லாம் பெரும்பாலும் வரவேற்றது. கதே அவ்வர்க்கத்தின் சொத்து. சொத்தைக் காப்பவன் சொத்தின் பொருளை ஆராய்வதில்லை, வேலிதான் போடுவான்.

ஆயின் வர்க்கத்தின்மீது முழுப் பழியையும் இறக்கிவிட்டு எழுந்து செல்வதும் எமக்கு எளிதாகத் தோன்றவில்லை. கதேயையே எடுத்துக்கொள்வோம். தன் சிசுவைக் கொன்று மரண தண்டனை பெறும் ஏழைப் பெண் கிரெட்சனின் துயரத்தைப் பவுஸ்ட் நாடகத்தில் எழுதியவர் அவர். 1783 இல் அதே குற்றத்துக்காக யோகன்னா ஹோன் என்ற பணிப்பெண் வைமாரில் விசாரிக்கப்பட்டாள். சிசுக்கொலைக்கு மரண தண்டனை தொடர வேண்டுமா என்று கோமகன் தம் ஆலோசகரின் கருத்தைக் கேட்டார். கதேயும் தொடர வேண்டும் என்றே கருத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் அவளது தலை வெட்டப்பட்டது. கிரெட்சனுக்காகக் கண்ணீர் சிந்த வைக்கும் வரிகளின் முதல் வடிவம் அப்போது ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. கற்பனைப் பெண்ணுக்கு இரங்கிய உள்ளம், மேசைமேற் கிடந்த கோவையிலுள்ள பெண்ணுக்கு இரங்கவில்லை. இதைக் கொண்டு கதேயைச் சிறுமைப்படுத்துவது எமது நோக்கமன்று. இலக்கியத்தை ஆக்கியவனுக்கே அது தானாகச் செய்யாத வேலையை, வாசித்தவனுக்குத் தானாகச் செய்துவிடும் என்று நாம் மாணவர்க்கு வாக்குறுதி அளிப்பது எப்படி?

1945 ஏப்ரில் 11 இல் அமெரிக்கப் படைகள் நெருங்கின. காவலர் தப்பியோட, இரகசியமாக ஆயுதம் சேர்த்து வைத்திருந்த கைதிகள் வாயிலைக் கைப்பற்றினர். ஏறத்தாழ 21,000 பேர் உயிரோடிருந்தனர். அவர்களுள் 900 பேரளவில் சிறுவர். ஐந்து நாள்களின் பின், அமெரிக்கரின் கட்டளைப்படி, வைமார் நகரத்தார் ஆயிரம் பேரளவில் குன்றின்மேல் நடத்திச் செல்லப்பட்டு முகாமைக் காண வைக்கப்பட்டனர். எமக்குத் தெரியாது என்று அவர்களுட் பலர் கூறினர். முகாமிற் பிணம் எரிக்கும் கூடம் கட்டப்படுமுன், இறந்தோரின் உடல்கள் நகரச் சுடலையிலேதான் எரிக்கப்பட்டன. நகரின் ஆயுதத் தொழிற்சாலையிற் கைதிகள் வேலை செய்தனர். புகையிரதத்தில் வந்திறங்கியோரை நகர மக்கள் கண்டிருக்கின்றனர். தெரியாது என்ற சொல்லுக்கு இங்கு பொருள், தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எமக்கு இருக்கவில்லை என்பதே. தத்துவஞானி கார்ல் யாஸ்பேர்ஸ் 1946 இல் வெளியிட்ட நூலிற் குற்றத்தை நான்கு வகையாகப் பிரித்தார்: சட்டத்தின்முன் குற்றம், அரசியற் குற்றம், அறக் குற்றம், மனிதனுக்கு மனிதன் துணைநில்லாத ஆழ்ந்த குற்றம். முதல் மூன்றையும் நீதிமன்றமும் வெற்றிபெற்ற அரசுகளும் மனச்சாட்சியும் பங்கிட்டுக்கொள்ளலாம். நான்காவதை விசாரிக்க உலகில் மன்றம் எதுவும் இல்லை என்பது அதன் வன்மை. அதனாலேயே அது எளிதில் மறக்கவும்படுகின்றது.

முகாமுக்குள்ளும் இலக்கியம் இருந்தது. கைதிகளுக்கென ஒரு நூல்நிலையம் இருந்தது. வியன்னாவின் இளங்கவிஞரும் கம்யூனிஸ்டுமான யூரா சொய்ஃபர் 1939 இல் இங்கு காய்ச்சல் கண்டு இருபத்தாறாம் வயதில் இறந்தார். அவர் டாகவ் முகாமிற் புனைந்த பாடல் கைதிகளின் வாய்வழியே பரவியது. காடழித்தபோது வெட்டாது விடப்பட்ட ஓக் மரமொன்றைக் கைதிகள் கதே மரம் என்று அழைத்தனர். 1944 ஓகஸ்ட் 24 இல் குண்டுவீச்சின்போது அம்மரம் கருகியது. அதன் கட்டையொன்றை மறைத்தெடுத்து, புரூனோ அப்பிட்ஸ் என்ற கைதி இறந்த மனிதனின் முகமொன்றைச் செதுக்கினார். இன்று அடிமரம் மட்டும் அங்கே உள்ளது. நகரத்தார் கதேயின் பெயரை முகாமிலிருந்து அகற்றினர். கைதிகள் அதை மீண்டும் முகாமுக்குள் கொண்டுவந்தனர். இவ்விரண்டு செயல்களும் ஒரே கவிஞன்மீது கொண்ட பற்றின் விளைவுகளே. ஆயினும் முன்னவர்க்குக் கதே ஒரு வேலி; பின்னவர்க்கு அவன் உடனிருந்தவன்.

ஆனால் உடனிருந்தோரின் கதையும் மாசற்ற காவியமாக முடிவதில்லை. அப்பிட்ஸ் 1958 இல் எழுதிய நாவல், கம்யூனிஸ்டுக் கைதிகள் மறைத்துக் காத்த மூன்று வயது யூதக் குழந்தையைப் பற்றியது. சோஷலிச நாடுகளில் பல இலட்சம் பேர் படித்தது. அக்குழந்தை உண்மையிலேயே காக்கப்பட்டது. 1944 செப்தெம்பரில் ஒளஷ்விட்ஸுக்கு அனுப்பவிருந்த 200 சிறுவரின் பட்டியலிலிருந்து அதன் பெயர் அடிக்கப்பட்டது. எண்ணிக்கை குறைய விடமாட்டார்கள் ஆதலால், அடிக்கப்பட்ட பெயருக்குப் பதிலாகச் சிந்தி இனத்துப் பதினாறு வயதுப் பையன் ஒருவனின் பெயர் எழுதப்பட்டது. தன் தம்பியோடு செல்ல அவனே விரும்பினான் என்று பதிவுகள் கூறுகின்றன. நாவலில் அவன் இல்லை. பட்டியலைக் கையில் வைத்திருந்த தோழர்களை நாம் பழிக்க மாட்டோம். அத்தகைய பட்டியலை நாம் ஒருநாளும் கையில் ஏந்தியதில்லை. எனினும், தியாகத்தைப் போற்றும் எமது இலக்கியமும் எதைக் காணாதிருக்கலாம் என்று கற்பிக்கக்கூடியதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இடதுசாரி வாசகர் விரைந்து கடந்துசெல்ல விரும்பும் இன்னொரு பகுதியும் அக்குன்றில் உண்டு. 1945 ஓகஸ்ட் முதல் 1950 பெப்ரவரி வரை சோவியத்து நிர்வாகம் அதே கொட்டில்களில் ஒரு தடுப்பு முகாமை நடத்தியது. அடைக்கப்பட்ட 28,000 பேருள் 7,000 பேருக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பசியாலும் நோயாலும், மாண்டனர். நாஸிக் கட்சியின் சிறு அதிகாரிகள் பலர் அவர்களுள் இருந்தனர். பிழையாகப் பிடிக்கப்பட்டோரும் இருந்தனர். விசாரணை பெற்றவர் எவருமிலர். கதேயின் இருநூறாவது ஆண்டு விழா 1949 ஓகஸ்டில் வைமாரில் நடந்து, தோமஸ் மான் வந்து உரை நிகழ்த்தியபோது, மேலே அம்முகாம் மூடப்படவில்லை. இரண்டு முகாம்களையும் ஒரே தராசில் நிறுத்துவோர் வரலாற்றைத் திரிக்கின்றனர். முதலாவதைப் பேசி இரண்டாவதை மறைப்போரோ, அத்திரிபுக்கு வேண்டிய எடைக்கல்லைத் தாமே கொடுக்கின்றனர். ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு நிலவிய காலம் முழுவதும் காட்டினுள் கிடந்த அப்புதைகுழிகள் பற்றிப் பேச்சில்லை. இப்போது அவ்விடத்தில் இரும்புத் தூண்கள் நடப்பட்டுள்ளன. அங்கு எம்முடன் நின்ற பார்வையாளர் மிகச் சிலரே.

இவை பழங்கதைகளல்ல. கைதிகளின் நினைவாக நடப்பட்ட மரங்களை 2022 இல் எவரோ வெட்டியெறிந்தனர். 2024 செப்தெம்பரில் இம்மாநிலத் தேர்தலில், நாஸிகளின் வீழ்ச்சிக்குப் பின் முதன்முறையாக, தீவிர வலதுசாரிக் கட்சியொன்று முதலிடம் பெற்றது. அக்கட்சிக்கு வாக்களித்தோருள் ஷில்லரைப் பாடசாலையிற் படியாதவர் எத்தனை பேர் இருப்பர்?

ஆகவே "நிறுவுக" என்ற ஏவலை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடலாம் என்பது எமது கருத்து. பவுஸ்டைக் கற்பிக்கும் ஆசிரியர், யோகன்னா ஹோனின் வழக்கையும் அதே வாரத்திற் கற்பிக்கட்டும். மாணவன் கதேயை வெறுத்துவிடுவான் என்று அஞ்ச வேண்டியதில்லை. இளைஞர் நாம் எண்ணுவதிலும் வலிமையுடையோர். இபிகேனியாவைப் பயிலும்போது, அது நடிக்கப்பட்ட மாளிகை எங்குள்ளது என்று கேட்கும் மாணவனுக்கு நிலப்படத்தைக் காட்டுவோம். அம்மாளிகையையும் முகாமையும் இணைக்கும் காட்டுப் பாதையொன்றை 1999 இல் திறந்துவிட்டிருக்கின்றனர். நாடகம் நடந்த இடத்திலிருந்து கம்பிவேலி வரை மரங்களினூடே நடந்தே செல்லலாம். அப்பாதையில் நடக்க எமக்கு நேரம் வாய்க்கவில்லை. நகருக்குத் திரும்பும் பஸ் வந்து நின்றது.